மூணாவது குழாயும் விட்டுப்போச்சு

"இது மூணாவது குழாயுங்க அம்மணி! மூணாவது!"

சென்னியப்பன் அதை மேசைமேல் போட்ட போட்டில் ஷெட்டுக் கூரையில் அடைந்திருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

சுகிர்தா டீச்சர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தச் சென்னியப்பனைப் பிடிக்காது.

பல்லடம் பக்கத்தில் விசைத்தறி ஓட்டுகிற ஆள். அறுபது தாண்டியாச்சு. ஆசைப்பட்டுத் தன் கையாலேயே ரெண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரு குட்டி விமானம் கட்டியிருக்கிறார். கட்டட்டும், நானும்தான் ஒன்று கட்டுகிறேன். அந்தப் பழைய ஓடுபாதை ஓரத்து ஷெட்டில் எங்களைப் போல நாலைந்து கிறுக்குகள் உண்டு.

சுகிர்தா டீச்சர் எங்கள் எல்லாரையும்விட வயதில் சின்னவர். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவரும் இல்லை. விமான எஞ்சினைப் பற்றியே படித்து, அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் உரிமையும் வாங்கியவர். அவர் சரி என்று சொல்லாமல் எங்களில் யார் வண்டியும் தரையை விட்டு எழும்பாது. அதனால் டீச்சர்.

சென்னியப்பன் மட்டும் அம்மணி என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும், அதற்காக எனக்குக் கோபமில்லை.

கோபம் வேறு விஷயத்தில்.

"என்ன வேணுமுங்கண்ணா?" என்றார் டீச்சர்.

"ஒரே வார்த்தை. குழாயை வெல்டு பத்த வெச்சவன் தப்புன்னு ஒரே வார்த்தை. உங்க வாயால சொல்லுங்க, போதும்."

"யாரு பத்த வெச்சது?"

"என்ற மச்சினந்தான். அப்புக்குட்டி."

பார்த்தீர்களா? அதற்குத்தான் வந்திருக்கிறார். குழாய் ஏன் விரிசல் விட்டது என்று கேட்க வரவில்லை. யாரைத் திட்டலாம் என்று சீட்டு வாங்க வந்திருக்கிறார்.

அப்புக்குட்டி என்பவர் சென்னியப்பன் மனைவியின் தம்பி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் சைலன்சர் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். மாமன் ஆசைப்பட்டார் என்று இந்த விமானத்துக்கும் எஞ்சின் புகை வெளியே போகிற குழாயை அவர்தான் செய்து கொடுத்தார். பைசா வாங்கவில்லை. போன மாசம் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தியில், அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில் இந்த மனுசன் அவரைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா?

"பஸ்ஸுக்கு ஓட்டை அடைக்கறவனுக்கு ஏரோப்பிளேன் ஒரு கேடா?"

அப்புக்குட்டி எனக்கும் பழக்கம்; நான் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்புக்குட்டி பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். எனக்கு அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

"தம்பி தப்புன்னா தம்பிகிட்டயே சொல்லலாமேங்கண்ணா," என்றார் டீச்சர்.

"அவன்கூட நான் பேசறதில்லீங்க. மொதல் குழாய் போனதுல இருந்தே எதுன்னாலும் மரகதம் வழியாத்தான். 'உன்ற தம்பிகிட்டச் சொல்லு'ம்பேன். அவ போய்ச் சொல்லுவா. அவன் ஒண்ணு சொல்லுவான். அதையும் வந்து சொல்லுவா."

"அக்கா எப்படி இருக்காங்க?"

சென்னியப்பன் குரல் கொஞ்சம் இறங்கியது.

"படுத்துட்டாளுங்க. சோறு எறங்கல. பிரஷர் ஏறிப்போச்சுங்கறார் டாக்டர். இங்க நான் கத்தறேன், அங்க அவன் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான். நடுவுல அவ என்ன பண்ணுவா பாவம்?"

உடனே குரல் மறுபடி ஏறிக்கொண்டது.

"எல்லாம் அவனாலதான்! தைப்பூசத்தன்னைக்கு மரகதத்தைப் பக்கத்துல உட்கார வெச்சு, பழனி மலையை மேல இருந்து காட்டறேன்னு வாக்குக் குடுத்திருக்கேனுங்க. மொத சவாரி அவதான். இப்ப பாருங்க, வண்டியும் கெடக்குது, அவளும் கெடக்குறா!"

டீச்சர் குழாயைக் கையில் எடுத்தார். விரிசலில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

"கடைசியா தரையில ஓட்டிப் பார்த்தப்ப தலை வலிச்சுதுங்களா?"

"ஆமாங்க. எறங்கறப்ப ஒரே கனம். வெயிலுன்னு நெனச்சேன்."

"வெயில் இல்லீங்கண்ணா. இந்த விரிசல் வழியா வர்ற புகை உள்ள வந்து சேரும். அதுல இருக்கற விசத்துக்கு மணமே கெடையாது. இதோட அக்காவைக் கூட்டிட்டுப் போயிருந்தீங்கன்னா, மலை கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள ரெண்டு பேரும் தூங்கியிருப்பீங்க."

சென்னியப்பன் முகம் வெளுத்தது. சரி, இப்போதாவது வாயை மூடுவார் என்று நினைத்தேன்.

"பார்த்தீங்ளா! கொல்லப் பார்த்திருக்கான்!" என்று மேசையில் ஓங்கி அடித்தார்.

அட, என்ன ஜென்மமோ!

டீச்சர் குழாயைத் திருப்பினார். வால் பக்கத்தில் ஒரு சுற்று மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரிசல் அதன் ஓரத்தில்தான் தொடங்கியிருந்தது. பற்றவைத்த இடம் ஒரு விரல்கடை தள்ளி, கல்லு மாதிரி அப்படியே இருந்தது.

"இது என்னங்கண்ணா தழும்பு?"

"அதுவா? அது நான் போட்ட பட்டை." குரலில் பெருமை வேறு. "அது மட்டும் இல்லீன்னா குழாய் என்னைக்கோ கழண்டு விழுந்திருக்கும்."

"வாங்க, பார்க்கலாம்."

விமானம் ஷெட்டின் மறுகோடியில் நின்றது. மூக்கு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். எஞ்சினுக்குப் பின்னால் விமானத்தின் உடம்பை மறைக்கிற தகட்டுச் சுவர். அதில் 'எல்' வடிவ இரும்பு ஆங்கிள் பட்டை ஒன்று, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி, தடித்தடி போல்ட்டுகளோடு நீட்டிக்கொண்டிருந்தது. குழாயின் வாலை அதில் வைத்துத்தான் இறுக்கியிருக்கிறார்.

"மொதல்ல சின்னத் தகடுதான் வெச்சேன். குழாய் விட்டுப்போச்சு. அப்புறம் தடிப் பட்டை வெச்சேன். மறுபடி போச்சு. சரின்னு இந்த ஆங்கிள். யானையைக் கட்டலாமுங்க இதுல!"

"எதுக்குக் கட்டுனீங்க?"

"ஆடுச்சுங்க அம்மணி! என்ன கேள்வி இது? குழாயைக் கையால தொட்டா ஆடுச்சு. ஒரு வேலைன்னா அசையாம நிக்க வேண்டாமா? நாற்பது வருசமாத் தறி ஓட்டறேன். தறிக்கூடத்துல மொதப் பாடமே அதுதானுங்க. எது ஆடுதோ அதைத் தரையோட சேர்த்து இறுக்கு. இறுக்குனா நிக்கும்."

"இந்தப் பட்டைக்கு முன்னால இங்க என்ன இருந்துச்சு?"

"அவன் ஒரு கம்பி வெச்சிருந்தான், சைக்கிள் பிரேக் கம்பியாட்ட. மேல் முனையை எஞ்சின் அடியிலயே மாட்டி, நடுவுல ஒரு ரப்பர் துண்டு. குழாய் சேர்ற எடத்துல ஸ்பிரிங்கு வேற வெச்சு லொடலொடன்னு உட்டிருந்தான். விளையாட்டுச் சாமானா இது? கம்பியைக் கழட்டிக் கடாசிட்டு, ஸ்பிரிங்கையும் முட்டற மட்டும் முடுக்கிட்டேன்."

"கழட்டுனதை அவர்கிட்டச் சொன்னீங்களா?"

"அவன்கிட்ட எதுக்குச் சொல்லோணும்? என்ற வண்டி!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆங்கிளைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்திருப்பேன். ஒருத்தன் செய்த வேலையை அவனுக்குத் தெரியாமல் மாற்றிவிட்டு, உடைந்ததும் அவன் மானத்தை மண்டபத்தில் வைத்து வாங்குவதா? இதைக் கேட்க ஆளே இல்லையா?

டீச்சரைப் பார்த்தேன். ரெண்டு வாங்கு வாங்குவார் என்று நினைத்தேன்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்குப் பக்கத்து மெஸ்ஸுல பொரிக்காத அப்பளம் ஒரு கட்டு வாங்கிட்டு வர்றீங்களா?"

"அப்பளமா?"

"அப்பளந்தான்."

போனேன். வேறென்ன செய்ய? ஓடுபாதை நெடுக வெயிலில் நடந்து, நடந்த தூரம் முழுக்கப் புலம்பிக்கொண்டே போய் வாங்கி வந்தேன். மெஸ்காரர் எண்ணெய் வேண்டாமா என்று வேறு கேட்டார்.

திரும்பி வந்தபோது டீச்சர் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றி, சுவிட்சையும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பார்த்துவிட்டு நின்றார். ஒரு அப்பளத்தை உருவி சென்னியப்பன் கையில் கொடுத்தார். இரும்புக் கிளிப்பு ரெண்டு கொடுத்தார்.

"இதுதான் குழாய்னு வெச்சுக்குங்க. ஒரு ஓரத்தை எஞ்சின்ல மாட்டுங்க. இன்னொரு ஓரத்தை உங்க ஆங்கிள்ல மாட்டுங்க."

"வெளையாடறீங்ளா அம்மணி? நான் நாயம் கேக்க வந்திருக்கேன்."

"மாட்டுங்கண்ணா. உங்க வழக்கப்படி, நல்லா இறுக்கமா."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். மாட்டுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எஞ்சினுக்கும் ஆங்கிளுக்கும் நடுவில் அப்பளம் விறைப்பாக நின்றது.

"இப்ப முன்னால போய் விசிறி நுனியைப் பிடிச்சு லேசா ஆட்டுங்க."

ஆட்டினார். எஞ்சின் தன் ரப்பர் திண்டுகள்மேல் மெல்ல அசைந்தது. அவ்வளவுதான். ஒரு விரல் அகலம்கூட இருக்காது.

டப்.

அப்பளம் ஆங்கிள் பக்கத்துக் கிளிப்பு ஓரத்தில் உடைந்து விழுந்தது.

"அப்பளம்னா ஒடையத்தானுங்க செய்யும்!" என்று சீறினார் சென்னியப்பன். "தடிமன் பத்தல. ரெண்டாச் சேர்த்து வைங்க."

டீச்சர் ரெண்டு எடுத்துக் கொடுத்தார்.

ரெண்டையும் சேர்த்து மாட்டினார். போய் விசிறியை ஆட்டினார்.

டப்.

அதே இடம்.

"மூணு..." என்று கையை நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். மேசைமேல் கிடந்த மூணாவது குழாயைத் திரும்பிப் பார்த்தார். அது முதல் குழாயைவிடத் தடிமன். அவர்தான் தடிமனாகச் செய்யச் சொன்னார். அதையும் மரகதம் வழியாகத்தான் சொல்லியனுப்பினார்.

"மூணு வேண்டாமுங்கண்ணா. ஒண்ணே மாட்டுங்க. எஞ்சின்ல மட்டும். ஆங்கிளை உட்டுருங்க."

மாட்டினார். ஒற்றை அப்பளம் எஞ்சின் அடியில் தொங்கியது. தொட்டால் ஆடியது.

"ஆட்டட்டுங்களா?"

"ஆட்டுங்க."

ஆட்டினார். எஞ்சின் அசைந்தது. அப்பளமும் கூடவே அசைந்தது.

இன்னும் பலமாக ஆட்டினார். கோபத்தோடு ஆட்டினார். சட்டை நனைய நனைய ஆட்டினார். விமானமே சக்கரத்தின்மேல் குலுங்கியது. அந்த அரையணா அப்பளம் எஞ்சினோடு போய் எஞ்சினோடு வந்தது. உடையவில்லை.

அவருக்கு மூச்சு வாங்கியது. விசிறியை விட்டுவிட்டுக் கீழே குனிந்து அதையே பார்த்தார்.

"தரையோட இறுக்குனா நிக்கோணும்ங்களே," என்றார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"தறிக்குக் கீழ தரை இருக்குங்கண்ணா. இதுக்கு?"

சென்னியப்பன் ஆங்கிள் பட்டையைத் தொட்டார். அது போல்ட் போட்டிருந்த உடம்பைத் தொட்டார். பிறகு எஞ்சினைத் தொட்டார். இது ஒரு ஆட்டம் ஆடும், அது வேறொரு ஆட்டம் ஆடும்.

 புறாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அவர் ஸ்பானரை எடுத்தார். ஆங்கிளைக் கழற்ற ஆரம்பித்தார். அவரே முடுக்கிய போல்ட்டுகள், லேசில் வருமா? முழங்கை தகட்டில் இடித்து ரத்தம் வந்தது. துடைக்கவில்லை. கழற்றி முடித்துக் கீழே வைத்தார். இந்தத் தடவை போடவில்லை, வைத்தார்.

"அந்தக் கம்பி..." என்றார்.

"எந்தக் கம்பி?"

"அப்புக்குட்டி வெச்ச கம்பி. அதுல ரப்பர் வெச்சிருந்தான். ஸ்பிரிங்கு வெச்சிருந்தான். அவனுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க."

"தெரிஞ்சிருக்கு."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை சொல்லல அவன்? 'மாமா, அது ஆடத்தான் ஆடும், கை வைக்காதீங்க'ன்னு ஏன் சொல்லல?"

மறுபடியும் ஏறியது பாருங்கள், குரல்! நான் வாயைத் திறக்கப் போனேன். ஒரு மாசமாக உள்ளே கிடந்தது முழுவதும் அப்படியே வரப்போனது.

டீச்சர் முந்திக்கொண்டார்.

"கம்பியைக் கழட்டுனது அவருக்குத் தெரியாதேங்கண்ணா."



சென்னியப்பன் அப்படியே சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் கிரீஸ் ஒட்டியது.

"பந்தியில வெச்சுச் சொல்லிப்போட்டேனே," என்றார். "கெரகம் புடிச்ச வாய். எலையை மூடிட்டுப் போனான் அம்மணி. பசியோட போனான்."

டீச்சர் கீழே கிடந்த போல்ட்டுகளைப் பொறுக்கினார். அது எனக்கு நியாயமாகப் பட்டது. ஆறுதல் சொல்கிற இடமா அது?

"நாலாவது குழாய் வேணுமுங்க," என்றார் சென்னியப்பன்.

"வேணும்."

"அவன் செஞ்ச மாதிரிக் கம்பியோட, ஸ்பிரிங்கோட."

"ஆமாங்கண்ணா. அவர் செஞ்ச மாதிரியே."

"அவன் செய்வானுங்களா?"

"கேளுங்க."

"எந்த மூஞ்சியோட கேக்கறது?"



சென்னியப்பன் மடியைத் தடவி போனை எடுத்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வழி கண்டுபிடித்துவிட்டாராம்.

"மரகதத்தை உட்டே ஒரு வார்த்தை சொல்லச் சொல்றேன். அவ சொன்னா தட்ட மாட்டான். 'மாமாவுக்கு வெசனமா இருக்குது, மனசுல வெச்சுக்காதே'ன்னு அவ பக்குவமாப் பேசுவா. படுத்திருந்தாலும் இதுக்கு எந்திரிச்சுருவா."

நம்பரைத் தட்டினார். போனைக் காதுக்குக் கொண்டுபோனார்.

டீச்சர் கட்டிலிருந்து புது அப்பளம் ஒன்றை உருவினார். சென்னியப்பன் எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தார். அப்பளத்தின் ஒரு ஓரத்தில் ஒரு கிளிப்பு மாட்டினார். மறு ஓரத்தில் இன்னொரு கிளிப்பு மாட்டினார். ரெண்டு கையாலும் ரெண்டு கிளிப்பையும் பிடித்து, அவர் கண்ணுக்கு நேராக நீட்டினார்.



சென்னியப்பன் பார்த்தார். முதலில் டீச்சரைத்தான் பார்த்தார், எரிச்சலோடு. அப்புறம் இடது பக்கக் கிளிப்பைப் பார்த்தார். வலது பக்கக் கிளிப்பைப் பார்த்தார்.

போனில் மணி அடிப்பது எனக்கே கேட்டது. அங்கே யாரோ எடுத்தார்கள்.

"ஏனுங்..." என்றது போனில் ஒரு குரல். மெலிந்த குரல். பாதிச் சோறுகூடச் சாப்பிடாதவர் குரல். "மறுபடி தம்பிகிட்ட என்னமாச்சும் சொல்லோணுமுங்களா?"

சென்னியப்பனின் கண் அந்த அப்பளத்தை விட்டு நகரவில்லை.

"இல்ல சாமி," என்றார். "இனி ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ சாப்புடு."

போனை அணைத்தார். எட்டி, டீச்சர் கையில் இருந்த அப்பளத்திலிருந்து ஒரு பக்கத்துக் கிளிப்பைத் தன் கையாலேயே மெல்ல எடுத்தார். உடையாமல் எடுத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

"அப்புக்குட்டி நம்பர் உங்ககிட்ட இருக்குதுங்ளா?"